அப்பாவைப் பற்றி ஒரு கவிதை: "மன்னித்துவிட்டேன்" என்ற கடைசி வரி எனக்கே பொய்யாகத் தெரிகிறது

காகிதமடிப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அவ்வப்போது கவிதை எழுதுகிறவன் நான், பெரும்பாலும் எனக்காக மட்டும். எதைப் பற்றியும் எழுத வருகிறது, அப்பாவைப் பற்றி மட்டும் வருவதில்லை. ஐந்தாறு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒரு முறை எழுதினால் அவர் தெய்வமாகிவிடுகிறார், அடுத்த முறை எழுதினால் குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடுகிறது, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருக்கிறேன். போன வாரம் மகளின் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட உட்கார்ந்தபோது ஒரே மூச்சில் இது வந்தது. முதலில் படித்துவிடுங்கள், கேள்வி கீழே.

அட்டை

பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு
பழுப்புத் தாளைத் தரையில் விரித்து
புத்தகத்தை நடுவில் வைத்து
கட்டைவிரல் நகத்தால்
மடிப்பை இழுப்பார் அப்பா.
சர்ரென்று ஒரு சத்தம்.
சுருக்கமே இருக்காது.
என் பெயரை
என்னைவிட அழகாக எழுதுவார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து
மதிப்பெண் அட்டை வந்த மாலை
வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள்.
அதே கை
என் கன்னத்தில் இறங்கியது.
அப்போதும் ஒரு சத்தம்.

அன்பும் நீ வெறுப்பும் நீ
நிழலும் நீ நெருப்பும் நீ

இன்று நானும் ஒரு தகப்பன்.
என் மகளின் புத்தகத்துக்கு
அட்டை போடும் இந்த இரவில்
உன்னைப் புரிந்துகொண்டேன் அப்பா,
மன்னித்துவிட்டேன்.

எழுதி முடித்த இரவு அழுதேன். மறுநாள் காலையில் எடுத்துப் படித்தால் கடைசி ஐந்து வரிகளை வேறு யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. நான் அவரை மன்னித்துவிட்டேனா? சில நாள் ஆம் என்று தோன்றுகிறது. சில நாள், நான் அடி வாங்கி நின்றபோது அந்த விருந்தாளிகளில் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்தாரே, அது திடீரென்று ஞாபகம் வந்து, இந்த 41 வயதிலும் காது சூடாகிறது. அதே நாளில் அப்பா இருமினால் எழுந்து ஓடுகிறேன். இரண்டும் உண்மைதான், ஒன்று இன்னொன்றைக் குறைப்பதில்லை. இதை எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி. கூடவே இன்னொன்று, அப்பா உயிரோடு இருக்கிறார், என் கூடத்தான் இருக்கிறார். இதை அவர் படிக்க நேர்ந்தால்?

வரிக்குவரி எழுதியது:

உங்கள் சந்தேகம் சரி என்றே நினைக்கிறேன், ஆனால் அதற்கு முன் முதல் பத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நகத்தால் மடிப்பை இழுப்பதை, அருகில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு பார்த்த குழந்தைதான் எழுத முடியும். அன்பு என்ற சொல்லே அந்த ஒன்பது வரிகளில் இல்லை, ஆனால் தன் பெயரை அழகாக எழுதும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனின் பெருமை முழுதாக இருக்கிறது. அப்புறம் அந்த இரண்டு சத்தங்கள். நகத்தின் சத்தமும் கன்னத்தில் விழுந்த அறையின் சத்தமும் ஒரே கவிதைக்குள் வந்துவிட்ட பிறகு, வாசிக்கிறவருக்கு வேறு விளக்கமே தேவையில்லை. நீங்கள் கேட்கும் "எப்படி எழுதுவது" என்பதைப் பாதிக் கவிதையில் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்.

அங்கிருந்துதான் சறுக்கல். "அன்பும் நீ வெறுப்பும் நீ" என்பது காட்டிய ஒன்றைத் திரும்ப அறிவிக்கிற வரி. அது உங்கள் காதுக்குத் தானாக வந்திருக்கும், ஏனென்றால் தேவாரத்தில் அப்பன் நீ அம்மை நீ என்று இறைவனை அடுக்கிப் பாடுகிற தாளம் நமக்குள் ஆழமாக ஊறிப்போன ஒன்று. அந்தத் தாளம் வந்ததுமே அப்பா மறுபடியும் தெய்வமாகிவிட்டார் பாருங்கள். எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தீர்களோ அங்கேயே தாளம் உங்களைக் கொண்டுபோய் விட்டது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. முதல் பத்தியில் இழுப்பார், எழுதுவார். எழுவாய் அப்பா. இரண்டாம் பத்தியில் "அதே கை இறங்கியது". எழுவாய் கை, அஃறிணை, அதுவாக இறங்கிவிட்டது. கவிதை முழுவதும் தேடிப் பார்த்தேன், "அடித்தார்" என்ற சொல் இல்லை. நல்லதைச் செய்தவர் அப்பா, அடித்தது கை. அவரைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் தெரிந்து செய்ததாக இருந்தால் அது அழகான இடம், அப்படியே இருக்கட்டும். தெரியாமல் நடந்திருந்தால் ஒரு முறை "அடித்தார்" என்று எழுதி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழில் ஒரு மகனால் அப்பா அடித்தான் என்று சொல்லவே முடியாது. அடியைச் சொல்லும்போதே கடைசியில் ஒரு "ஆர்" போட்டு மரியாதை கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் தேடுகிற அந்த இரண்டு உணர்ச்சியும் அந்த ஒரு வினைமுற்றுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, நீங்கள் ஒன்றுமே சேர்க்க வேண்டாம்.

அதே மாதிரிதான் "நீ". அவர் அவர் என்று வந்த கவிதை திடீரென்று நீ என்கிறது. வாழ்க்கையில் அவரை எப்போதாவது நீ என்று கூப்பிட்டிருக்கிறீர்களா? அம்மாவை நீ என்போம், கடவுளை நீ என்போம், பெரும்பாலான வீடுகளில் அப்பாவுக்கு அது கிடையாது. அப்படியானால் மகன் அப்பாவை நீ என்று அழைப்பது ஒரு பெரிய நிகழ்ச்சி, அதை ஓசைக்காகச் செலவழிக்காதீர்கள்.

கடைசிப் பகுதியில் எனக்கு இருக்கும் குறை கொஞ்சம் வேறு. மன்னிப்பு உண்மையா பொய்யா என்பதை நான் எப்படிச் சொல்வது, அது உங்கள் மனசு. ஆனால் கவிதைக்குள் கணக்கு சேரவில்லை. மகளுக்கு அட்டை போட்டால், அட்டை போட்ட அப்பாவைப் புரிந்துகொள்ளலாம். அவரைத்தான் உங்களுக்குச் சிறுவயதிலேயே புரிந்திருக்கிறதே. அடித்த அப்பாவைப் புரிந்துகொள்ள அந்த இரவு என்ன கொடுத்தது? ஒன்றும் கொடுக்கவில்லை. அதனால்தான் யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. "நானும் தகப்பனானேன், புரிந்தது" என்பது எங்கும் கிடைக்கிற முடிவு, உங்கள் முதல் பத்தி உங்களுக்கு மட்டும் சொந்தமானது.

ஒரு கேள்வி கேட்கலாமா? அப்பாவைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள், எதற்காக?

ஈரக்காற்று எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் தொழில் தெரிந்தவர் சொல்வது, எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் மன்னித்துவிட்டேன் என்ற வரியை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். என் அப்பா போய் ஆறு வருடமாகிறது. கடைசி நான்கு வருடம் நாங்கள் இரண்டு பேரும் "சாப்பிட்டாச்சா", "மருந்து இருக்கா" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அவர் என்னை அடித்ததில்லை, அவர் செய்தது வேறு. நான் படிக்க விரும்பியதைப் படிக்க விடவில்லை, அதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. கேட்கலாம் கேட்கலாம் என்று நாளைத் தள்ளினேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மதியம் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, பரவாயில்லைப்பா என்று மெதுவாகச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே என் விரலைப் பிடித்தார். கேட்டுத்தான் பிடித்தாரா, தூக்கத்தில் பிடித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அன்று சொன்னது முழு உண்மையா என்றும் தெரியாது. ஆனால் சொன்னதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

உங்கள் அப்பா இருக்கிறார். பாதி உண்மையாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்பேன்.

வரிக்குவரி எழுதியது:

ஈரக்காற்று, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். "பரவாயில்லைப்பா" என்று அவரிடம் சொன்னது சரி, அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. அப்பாவிடம் சொல்வது வேறு, கவிதையில் எழுதுவது வேறு என்பது மட்டும்தான் என் பக்கம். அவரிடம் சொல்லும்போது அந்தச் சொல் அவருக்குப் போய்ச் சேருகிறது. கவிதையில் எழுதும்போது அது வாசகருக்குத்தான் போகிறது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது கவலைப்படாதீர்கள் என்று சொல்கிற மாதிரி. உங்கள் பதிலிலேயே பாருங்கள், மன்னித்தேன் என்ற இடம் என்னைத் தொடவில்லை, விரலைப் பிடித்தது தூக்கத்திலா என்று இன்றுவரை தெரியாமல் இருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

நூலகவாசி எழுதியது:

எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய இலக்கியத்தில் அப்பாவும் மகனும் பெரும்பாலும் கடமையால் கட்டப்பட்டவர்கள். திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்தை எடுத்துக்கொண்டால், 67ஆவது குறள் தந்தை மகனுக்குச் செய்யும் நன்மை அவனைச் சபையில் முன்வரிசையில் இருக்கவைப்பது என்கிறது. 70ஆவது குறளில் மகன் திருப்பிச் செய்யும் உதவி, இவனைப் பெற அப்பன் என்ன தவம் செய்தானோ என்று ஊரைச் சொல்லவைப்பது. இரண்டிலும் பார்க்கிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். சபை பார்க்கிறது, ஊர் பேசுகிறது. உங்கள் கவிதையில் விருந்தாளிகள் இருக்கிறார்களே, அந்த அடி விழுந்தது அவர்களுக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. தன் மகன் முன்வரிசையில் இல்லை என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிட்ட அவமானம். அதை நியாயம் என்று சொல்லவில்லை, அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். அதனால் அந்தக் கைக்கடிகாரம் பார்த்தவரைக் கவிதைக்கு வெளியே கேள்வியில் விட்டுவிட்டது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அவரை உள்ளே கொண்டுவாருங்கள்.

அப்பா மகன் கசப்பு நேராக வருகிற இடம் என்றால் எனக்குச் சங்ககாலச் சோழ மன்னன் கோப்பெருஞ்சோழன்தான் நினைவுக்கு வருகிறான். பெற்ற மகன்களே எதிர்த்துக் கிளம்ப, அவனும் அவர்கள்மேல் போருக்குப் புறப்பட்டுவிட்டான். புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் பாடித் தடுக்கிறார், புறநானூறு 213. நீ வென்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுப் போவாய், தோற்றால் உன் பகைவர் சிரிக்கப் பழியைத்தான் விட்டுப் போவாய் என்று கேட்கிறார். அப்பாவுக்கு அந்தச் சண்டையில் ஜெயிக்கவே வழியில்லை என்பதை இவ்வளவு சுருக்கமாக யார் சொன்னார்கள்? பிறகு அவன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் இருந்து, உயிர் விடுகிறான். ஆனால் பாருங்கள், அந்த மகன்களின் குரலில் ஒரு பாட்டுகூட நமக்கு வரவில்லை. அவர்களுக்கு அப்பாமேல் என்ன கோபம், கடைசியில் என்ன தோன்றியது, ஒன்றும் தெரியாது. மகனின் பக்கத்தை எழுதுவது அதனாலேயே இன்னும் புதிய வேலையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வெளியே பார்த்தால் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஹெய்டன் 1962இல் நூலில் வெளியிட்ட ஒரு சிறு கவிதை, 14 வரிதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பா விடியுமுன் எழுந்து, வேலையில் வெடித்துப்போன கையால் வீட்டுக்கு நெருப்பு மூட்டுகிறார், மகனின் காலணிக்கு மெருகு போடுகிறார், யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. நடுவில் ஒரே வரியில் அந்த வீட்டின் தீராத கோபங்களுக்கு மகன் பயந்தான் என்று வருகிறது. யார் கோபம், என்ன செய்தார்கள், விளக்கமே இல்லை. கடைசியில் மன்னிப்பும் இல்லை, எனக்கு அப்போது என்ன தெரியும் என்று இரண்டு முறை கேட்டு முடிகிறது. ஹெய்டன் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தக் கேள்வி இன்னும் கனமாகிவிடுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது அப்பா படித்தால் என்ன ஆகும் என்பதற்கு, எழுத்தாளர் காஃப்காதான் பயமுறுத்தும் உதாரணம். 1919இல் அப்பாவுக்கு நூறு பக்கத்துக்கு மேல் கையால் ஒரு கடிதம் எழுதினார். அது அப்பாவின் கைக்குப் போகவே இல்லை. 1924இல் மகன் இறந்தார், அதற்குப் பிறகும் ஏழு வருடம் அப்பா உயிரோடு இருந்தார். உலகமெல்லாம் படித்த கடிதத்தை எழுதப்பட்டவர் மட்டும் படிக்கவில்லை. கொடுத்திருந்தால் நன்றாக நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றி. இதைக் "கலவையான உணர்வு" என்று எழுதுகிறார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. கலந்தால் இரண்டும் நீர்த்துப்போய் மூன்றாவதாக ஒன்று வர வேண்டும், வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து சாம்பல் ஆவது போல. நீங்கள் சொன்னது அப்படி இல்லையே. இருமல் கேட்டு ஓடுவதும் காது சூடாவதும் அப்படியே முழுதாக, தனித்தனியாக இருக்கின்றன.

பழையசைக்கிள் எழுதியது:

தம்பி, நான் கவிதை எழுதுகிறவன் இல்லை, படிப்பவன். எனக்கு 68 வயது. என் மகனுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். இங்கே யாரும் அடித்த பக்கத்திலிருந்து பேசவில்லை, அதனால் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நானும் அடித்திருக்கிறேன். ஒரு முறை என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எனக்கு வேலையில் நெருக்கடி, மேலே இருப்பவர்கள் என்னைப் பேசிய பேச்சு, அதையெல்லாம் காரணம் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. மேலே இருந்தவரை நான் அடிக்கவில்லையே. எட்டு வயதுப் பையனைத்தானே அடித்தேன். கையை ஓங்கும்போது அவன் திருப்பி அடிக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும், அது தெரியாமல் யாரும் ஓங்குவதில்லை.

ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு உதவுமா தெரியாது. நான் அடித்த நாட்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் ஒரு நாள் அவன் அடி வாங்கிய பத்தாவது நிமிஷம், அவனுடைய சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது என்று என்னிடமே வந்து நின்றான். வேறு யாரிடம் போவான்? கன்னம் இன்னும் சிவந்திருந்தது. நான் உட்கார்ந்து சங்கிலியை மாட்டிக் கொடுத்தேன், கையெல்லாம் கிரீஸ். அவன் தேங்க்ஸ்ப்பா என்றான். அந்த தேங்க்ஸை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நாள் வலித்திருக்காது.

அப்பா படித்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். என் மகன் இப்படி ஒன்று எழுதி, கடைசியில் மன்னித்துவிட்டேன் என்று முடித்திருந்தால், நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். அது எனக்கு நல்லதா என்று தெரியவில்லை. அடித்தார் என்று எழுதி, அட்டை போட்டதையும் மறக்காமல் எழுதியிருந்தால், இவன் என்னை முழுதாகப் பார்த்திருக்கிறான் என்று தோன்றும். அது எனக்குப் போதும். உங்கள் அப்பாவைப் பற்றி நான் சொல்ல முடியாது, என்னைப் பற்றிச் சொன்னேன்.

காகிதமடிப்பு எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பழையசைக்கிள் ஐயா, உங்கள் பதிலை அலுவலகத்தில் படித்தேன், உடனே எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஈரக்காற்று, நீங்கள் சொன்னதை மறக்க மாட்டேன்.

"அடித்தார்" என்று எழுதிப் பார்த்தேன். வரிக்குவரி சொன்னது சரி, கையை எழுவாயாக்கியது நான் தெரிந்து செய்ததில்லை. பேனா அதுவாக அப்படி ஓடியிருக்கிறது. அடித்தார் என்று சத்தமாகப் படிக்கும்போது பக்கத்து அறையில் அவர் இருக்கிறார் என்பதால் குரல் தானாகத் தணிந்தது.

கடைசியாக எப்போது தொட்டேன் என்ற கேள்விக்குப் பதில், இந்த ஞாயிற்றுக்கிழமை. போன வருடம் அவருக்கு வலது பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது, கை முழுசாகத் தூக்க வரவில்லை. அதிலிருந்து நான்தான் நகம் வெட்டிவிடுகிறேன். மற்ற விரல்கள் பிரச்சினை இல்லை. கட்டைவிரல் நகம் வயதானதில் தடித்து மஞ்சளாகிவிட்டது, நகவெட்டி பிடிக்காது, வெந்நீரில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றும் பேசுவதில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை கொஞ்சம் உள்ளே போய்விட்டது, அவர் ஒன்றும் சொல்லவில்லை, ரத்தம் ஒரு புள்ளி வந்த பிறகுதான் நான் பார்த்தேன்.

இதை ஏன் முதலில் எழுதவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். இது கவிதைக்கான விஷயம் என்று தோன்றவே இல்லை, வீட்டு வேலை மாதிரி நினைத்துவிட்டேன்.

வரிக்குவரி எழுதியது:

அந்த நகம்தான். முதல் பத்தியில் மடிப்பை இழுத்த அதே கட்டைவிரல் நகம், இன்று உங்கள் மடியில் இருக்கிறது. மகளையும் புரிந்துகொண்டதையும் மன்னிப்பையும் எடுத்துவிட்டு இதை வைத்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்றில் ஜாக்கிரதை. "அடித்த கையை இன்று நான் தாங்குகிறேன்" என்கிற திசையில் போனால் மறுபடி நல்ல பிள்ளைப் பாட்டாகிவிடும். நகவெட்டி உங்கள் கையில் இருக்கிறது, அவர் கையை இழுக்க முடியாத நிலையில் இருக்கிறார், அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இருக்கிறது. பழையசைக்கிள் ஐயா சொன்னாரே, திருப்பி அடிக்க மாட்டான் என்று தெரிந்துதான் ஓங்குகிறோம் என்று. இப்போது அந்தத் தெரிதல் உங்கள் பக்கம் வந்திருக்கிறது. அதை மறைக்காமல் எழுதினால் போதும். ரத்தப் புள்ளியை மட்டும் சேர்க்க வேண்டாம் என்பது என் யோசனை. அது நடந்ததுதான், ஆனால் கவிதைக்குள் வந்தால் பழிவாங்கியதாகப் படிப்பார்கள்.

நூலகவாசி எழுதியது:

கைக்கடிகாரத்தை மறந்துவிடாதீர்கள்!

காகிதமடிப்பு எழுதியது:

நான்கு நாளாக எழுதி எழுதி அடித்தேன். மகளை எடுப்பது கஷ்டமாக இருந்தது, எடுத்துவிட்டேன். "இல்லை என்கிறார்" என்பதோடு முடிக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இன்னும் ஒரு வரி விட்டிருக்கிறேன், ஏனென்றால் நடந்தது அதுதான். தலைப்பும் மாறிவிட்டது.

நகம்

பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு
பழுப்புத் தாளைத் தரையில் விரித்து
கட்டைவிரல் நகத்தால்
மடிப்பை இழுப்பார் அப்பா.
சர்ரென்று ஒரு சத்தம்.
என் பெயரை
என்னைவிட அழகாக எழுதுவார்.

மதிப்பெண் அட்டை வந்த மாலை
விருந்தாளிகள் முன்
அடித்தார்.
ஒருவர் குனிந்து
தன் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது
அவர் கையை என் மடியில் வைத்து
நகம் வெட்டுகிறேன்.
கட்டைவிரல் நகம் தடித்துவிட்டது,
வெந்நீரில் ஊறினால்தான் இளகும்.
இன்னும் ஒரு நூல் உள்ளே போனால்
வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.
வலிக்குதா என்று கேட்கிறேன்.
இல்லை என்கிறார்,
ஜன்னலைப் பார்த்தபடி.

அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. காட்டுவதா வேண்டாமா என்று முடிவும் செய்யவில்லை. அவருக்குச் சின்ன எழுத்துப் படிக்கக் கண் தெரியாது, காட்டுவதென்றால் நான்தான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த "அடித்தார்" வரும் இடத்தில் என் குரல் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

ஈரக்காற்று எழுதியது:

அந்த வரி போனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. ஆனால் வலிக்குதா என்று கேட்கிற இடத்தில் என் அப்பாவின் விரல் ஞாபகம் வந்துவிட்டது.

பழையசைக்கிள் எழுதியது:

தம்பி, இதை என் மகனுக்கு அனுப்பலாமா? அவன் வெளியூரில் இருக்கிறான். நான் எழுதியதையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும், சங்கிலி விஷயத்தை. அது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை.

காகிதமடிப்பு எழுதியது:

அனுப்புங்கள் ஐயா. அவர் என்ன சொன்னார் என்பதை எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.